நேர்குடல் புற்றுநோய் ஒப்பரேஷனும் பில் ஹீல்டின் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை வாட்டுகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். யாருக்காவது நேர்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தால், அந்த வீட்டு மகளோ மருமகனோ என்னைத் தேடி வருவார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸப்பில் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

பதில்களில் பெரும்பாலானவை பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் 1980களில் வெளியிட்ட ஆய்வுகளைச் சுற்றியே வரும். இந்த நோய்க்கு இன்று செய்யப்படும் ஒப்பரேஷனுக்கு அவைதான் அடிப்படை. அவை விளங்கினால் வைத்தியரிடம் எதைக் கேட்பது என்பதும் விளங்கிவிடும். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கிற வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

நேர்குடல் எண்டால் எது? பெருங்குடலும் அதுவும் ஒண்டுதானே?

பெருங்குடலின் கடைசித் துண்டுதான் நேர்குடல். மலவாசலில் இருந்து மேலே ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளம். குழாய் ஒன்றுதான், ஆனால் அது கிடக்கிற இடம் வேறு. வயிற்றுக்குள் பெருங்குடலைச் சுற்றித் தாராளமாக இடம் உண்டு. நேர்குடலோ இடுப்பெலும்புக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. முன்னால் சலப்பை, பெண்களுக்குக் கருப்பை, பின்னால் முள்ளந்தண்டின் அடிப்பகுதி, இரண்டு பக்கமும் சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்கும் தேவையான நரம்புகள். அதனால்தான் பெருங்குடல் ஒப்பரேஷனை விட இது கஷ்டம். இரண்டுக்கும் சிகிச்சை முறையும் கொஞ்சம் வேறுபடும்.

ரத்தம் போறது மூலவியாதியாலதானே? மருந்து எடுத்தாக் காணாதோ?

பலருக்கு மூலம்தான். ஆனால் மூலம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. மலம் போகும் பழக்கம் மாறியிருந்தால், போன பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி முட்டினால், உடம்பு மெலிந்தால், இரத்தச்சோகை என்று ரிப்போர்ட் வந்தால் கட்டாயம் காட்டுங்கள். வைத்தியர் கையுறை போட்டு விரலால் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் காணும். கீழே இருக்கிற கட்டிகள் பல அந்த விரலுக்கே தட்டுப்படும். வெட்கத்தில் அதை வேண்டாம் என்று சொல்லி மாதக்கணக்கில் பூச்சு மருந்தோடு இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதைக்கும்.

ஆர் இந்த ஹீல்ட்? அவர் அப்படி என்னத்தைக் கண்டுபிடிச்சவர்?

தென் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரின் வைத்தியசாலையில் வேலை செய்தவர். லண்டனின் பெரிய பெயர் பெற்ற நிலையம் ஒன்றும் அல்ல அது. 1982இல் ஹஸ்பண்ட், ரியால் என்ற இருவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் சேர்ஜரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது எல்லாரையும் வாட்டிய கேள்வி ஒன்று இருந்தது. கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகும், அதே இடுப்புக்குள் நோய் ஏன் திரும்பி வருகிறது?

வெட்டி எடுத்த துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, ஐந்து பேரின் துண்டுகளில் ஒரு விஷயம் தெரிந்தது. கட்டியின் கீழ் விளிம்புக்குச் சில சென்ரிமீற்றர் கீழே, குடலுக்கு வெளியே இருக்கிற கொழுப்புக்குள், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புற்றுப் பொட்டுகள். வழக்கமான ஒப்பரேஷனில் அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி உள்ளேயே விடுபட்டுவிடும். நோய் திரும்புவது அதிலிருந்துதான் என்றார் ஹீல்ட். அதனால் அந்தக் கொழுப்பு முழுவதையும் சேர்த்தே எடுக்கத் தொடங்கினார். குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்து இரண்டு வருடங்களுக்கு மேல் கவனித்த 50 பேரில் ஒருவருக்கும் இடுப்புக்குள் நோய் திரும்பவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்.

அந்தக் கொழுப்பு எண்டு சொல்றது என்னது? வயித்துக் கொழுப்போ?

இல்லை. நேர்குடலைச் சுற்றி, அதற்கென்றே உள்ள ஒரு கொழுப்புப் பொதி. அதற்கு மெசோரெக்டம் என்று பெயர். நேர்குடலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் நிணநீர்க் கணுக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. பொதியைச் சுற்றி மெல்லிய, பளபளப்பான ஒரு சவ்வு இருக்கிறது.

நுங்கை விரலால் தோண்டி எடுக்கிறதை நினைத்துப் பாருங்கள். மேல் தோல் கிழியாமல் வந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாது. நகம் பட்டுக் கிழிந்தால் எல்லாம் ஒழுகிப் போகும். இதுவும் அப்படித்தான். சவ்வு கிழியாமல் பொதி முழுதாக வந்தால் அதற்குள் இருக்கிற புற்றுப் பொட்டுகளும் கூடவே வெளியே வந்துவிடும். சவ்வுக்கும் சுற்றியுள்ள பகுதிக்கும் இடையில் இரத்தம் அதிகம் சிந்தாத ஒரு மெல்லிய இடைவெளி இயற்கையிலேயே இருக்கிறது. அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, கூரான கருவியால் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் ஹீல்ட் வற்புறுத்தியது. அதைப் புனிதத் தளம் என்றே அவர் எழுதினார். அதற்கு வெளியேதான் நரம்புகள் ஓடுகின்றன. ஆகவே அந்தத் தளத்தைத் தவறவிடாமல் போகிறவர் நரம்புகளையும் காப்பாற்றுகிறார்.

அதுக்கு முன்னம் எப்பிடிச் செய்தவை?

1908இல் லண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ் என்பவர் தன்னுடைய பழைய நோயாளரின் கணக்கை வெளியிட்டார். கீழ்ப்பக்கத்தால் மட்டும் ஒப்பரேஷன் செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அதனால் வயிற்றாலும் கீழாலும் சேர்த்துச் செய்து, நேர்குடலையும் மலவாசலையும் முழுதாக எடுத்து, வயிற்றில் மலம் வெளியேற நிரந்தரமாக வழி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகளுக்கு அதுவே வழமை. உயிர்கள் தப்பின, உண்மைதான். ஆனால் இடுப்பின் ஆழத்தில் கையை விட்டுத் தடவிப் பிரித்து எடுக்கிற பழக்கம் பரவலாக இருந்தது. முந்தின பதிலில் சொன்ன சவ்வு அங்கேதான் கிழிந்தது.

ஹீல்டின்ரை ஒப்பரேஷனாலை எவ்வளவு வித்தியாசம் வந்தது? நம்பரில சொல்லுங்கோ.

1986இல் ஹீல்டும் ரியாலும் லான்செட் என்ற மருத்துவ ஜேர்னலில் 115 நோயாளரின் கணக்கை வெளியிட்டார்கள். ஐந்து வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு 3.7 வீதம். இந்த எண்ணின் பெறுமதி இன்னொரு எண்ணை அருகில் வைத்தால்தான் தெரியும். 1987க்கும் 1990க்கும் இடையில் சுவீடனில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில், ஒப்பரேஷன் மட்டும் செய்தவர்களில் 27 வீதமானவர்களுக்கு ஐந்து வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது. அங்கே நாலு பேருக்கு ஒருவர், இங்கே நூறு பேருக்கு நாலு பேர். இடுப்புக்குள் திரும்பி வரும் நோயின் வலியை வாட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அர்த்தம் தெரியும்.

தன்ரை கணக்கைத் தானே எழுதினால் நல்லாத்தானே எழுதுவார்? எப்பிடி நம்புறது?

நியாயமான கேள்வி. அன்றைக்கு மற்றச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் இதையேதான் கேட்டார்கள். நல்ல நோயாளரைப் பொறுக்கி எடுத்திருப்பார் என்றார்கள், அல்லது அது அவருடைய கைராசி என்றார்கள். சந்தேகத்தைத் தீர்த்தது மற்றவர்களின் வேலை.

முதலாவது, 1986இலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிலிப் குவேர்க் என்ற நோயியல் நிபுணரும் அவரது குழுவும் செய்த ஆய்வு. வெட்டி எடுத்த 52 துண்டுகளைக் குறுக்காகச் சீவி, பக்கவாட்டு விளிம்பைப் பார்த்தார்கள். 14 பேரின் துண்டுகளில் புற்று விளிம்பு வரை வந்திருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு நோய் இடுப்புக்குள் திரும்பியது. அதுவரை எல்லாரும் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பற்றித்தான் யோசித்தார்கள். ஆபத்து பக்கவாட்டு விளிம்பில் இருந்தது.

இரண்டாவது ஸ்டாக்ஹோம், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். 1990களின் நடுப்பகுதியில் ஹீல்ட் அங்கே போய்ப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். அந்தப் பிரதேசத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பார்த்துப் பழகினார்கள். அதற்கு முன்பு அங்கே நடந்த இரண்டு ஆய்வுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 15, 14 வீதம். பயிற்சிக்குப் பிறகு 6 வீதம். நிரந்தரமாக வயிற்றில் வழி வைக்க வேண்டி வந்தவர்கள் முன்பு பாதிக்கு மேல், பிறகு 27 வீதம். ஆகவே இது ஒருவரின் கைராசி இல்லை, மற்றவர்களுக்கும் படிப்பித்துக் கொடுக்கக்கூடிய வேலை. இது 2000ஆம் ஆண்டில் லான்செட்டில் வெளிவந்தது.

ஒப்பரேஷன் அவ்வளவு நல்லதெண்டால் ஏன் முதலில கதிர்ச் சிகிச்சைக்கு அனுப்பினம்?

2001இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இதற்குத்தான் பதில் தேடியது. 1861 பேர். எல்லாருக்கும் ஹீல்ட் முறை ஒப்பரேஷன். பாதிப்பேருக்கு அதற்கு முன் ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சை. இரண்டு வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது கதிர் எடுத்தவர்களில் 2.4 வீதம், எடுக்காதவர்களில் 8.2 வீதம். ஆகவே நல்ல ஒப்பரேஷனுக்கும் கதிர் துணை செய்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடக் கணக்கில் உயிர் வாழ்ந்தவர்களின் வீதத்தில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. கதிருக்கென்று பக்கவிளைவுகளும் உண்டு. அதனால் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை.

யாருக்குத் தேவை என்பதை எம்.ஆர்.ஐ ஸ்கான் காட்டும். மெசோரெக்டத்தின் சவ்வுக்குப் பக்கத்தில் கட்டி வந்துவிட்டதா என்பதை ஒப்பரேஷனுக்கு முன்னமே அதில் பார்க்கலாம். வந்துவிட்டால் முதலில் கதிரும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஒப்பரேஷன் செய்வார்கள். ஆகவே முதலில் கதிருக்கு அனுப்பினால் "ஒப்பரேஷன் செய்ய ஏலாதாம், கைவிட்டுட்டினம்" என்று அழ வேண்டாம்.

கத்தி பட்டால் கான்சர் பரவும் எண்டு ஊரில சொல்லினமே?

இந்த ஒரு கதையால் வீட்டிலேயே இருந்து காலத்தைத் தவறவிட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் காலத்தில் ஒப்பரேஷன் செய்தும் நோய் திரும்பியதைப் பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. கத்தி பட்டதால் பரவவில்லை. கத்தி படவேண்டிய இடத்தில் படாமல், பொதியின் ஒரு பகுதி உள்ளே விடுபட்டதால் திரும்பியது. அந்த இடத்தைத்தான் ஹீல்ட் கண்டுபிடித்துத் திருத்தினார்.

வாழ்நாள் முழுக்கப் பை கட்டிக்கொண்டு திரியோணுமோ?

கட்டி மலவாசல் தசையைப் பிடித்திருந்தால் மலத்தைச் சேர்க்க வயிற்றில் நிரந்தரப் பை தேவைப்படலாம். மற்றவர்களில் பலருக்குக் குடலை மீண்டும் பொருத்திவிடலாம். ஆனால் பொருத்து ஆழத்தில் இருந்தால், அது ஆறும் வரை சில மாதங்களுக்குத் தற்காலிகப் பை வைப்பார்கள். 2007இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில் 234 பேரைப் பார்த்தார்கள். தற்காலிகப் பை வைத்தவர்களில் பொருத்து கசிந்தது 10.3 வீதம், வைக்காதவர்களில் 28 வீதம். பையை வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களையும்தான் சொல்வேன்.

நடைமுறையில் கஷ்டம் தோலில்தான் தொடங்கும். பையைத் தோலில் ஒட்டும் தட்டில் ஓட்டை வெட்டும்போது குடல்வாயை, அதாவது வயிற்றில் குடல் வெளியே வரும் வாயை, அளந்து, சுற்றிவர இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் இடைவெளி விட்டு வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் அந்த இடைவெளியில் தோல் புண்ணாகும், இறுக்கமாக வெட்டினால் குடல்வாய் நெரியும். முதல் வாரங்களில் குடல்வாய் வீக்கம் வற்றிச் சிறுக்கும், ஆகவே பழைய அளவையே வைத்துக்கொண்டு வெட்டாதீர்கள். தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு தட்டை வைத்து உள்ளங்கையால் கொஞ்ச நேரம் பொத்திப் பிடியுங்கள். கைச் சூட்டில் பசை பிடிக்கும். எங்களுடைய சித்திரை வெயிலில் வியர்வையால் தட்டு கழரும், கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்குங்கள்.

சிறுகுடலில் வைத்த பை என்றால் தண்ணீரும் உப்பும் நிறையப் போகும். உப்புப் போட்ட கஞ்சி நல்லது. தேங்காய்ச் சொட்டு, பலாச்சுளை, முருங்கைக்காய்ச் சக்கை இவை குடல்வாயை அடைத்துவிடலாம், ஆரம்பத்தில் தவிருங்கள். பையோடு கோயிலுக்குப் போகலாமா என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். நல்லூர்த் தேருக்குப் பையோடு போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். போங்கள்.

பை எடுத்தாச்சு. இப்ப ஒரு நாளில பத்துத் தரம் போகுது. ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சோ?

பெரும்பாலும் இல்லை. மலத்தைச் சேர்த்து வைக்கிற அறைதான் நேர்குடல், அதை எடுத்துவிட்டார்கள். அடிக்கடி போவது, அடக்க முடியாமல் ஓடுவது, போய் வந்து உடனே திரும்பப் போவது எல்லாம் இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருகிறவை. மாதங்கள் போகப் போகக் குறையும், சிலருக்கு முழுதாகப் போகாது. மருந்து, உணவு மாற்றம், இடுப்படித் தசைப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. சுகம் வந்ததே போதும் என்று வாய் திறக்காமல் இருக்க வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள். தாம்பத்தியத்தில் ஏற்படும் சிக்கலையும் சொல்லுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லலாம்.

லப்ரஸ்கோபி, ரோபோ எண்டு சொல்லினம். காசு குடுத்தாவது அதையே செய்யிறது நல்லமோ?

சின்னத் துளைகளால் செய்தால் காயம் சீக்கிரம் ஆறும். புற்று திரும்புவதில் அனுபவம் உள்ள கைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. 2015இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மூன்று வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது திறந்து செய்தவர்களிலும் துளையால் செய்தவர்களிலும் ஒரே மாதிரி 5 வீதம். சவ்வு கிழியாமல் பொதி வெளியே வந்ததா என்பதே கேள்வி, எந்த வழியால் வந்தது என்பது இரண்டாவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலவாசல் வழியாக மெசோரெக்டத்தைப் பிரிக்கிற புதிய முறையைப் பிற்காலத்தில் ஹீல்டே ஆர்வத்தோடு ஆதரித்தார். நோர்வேயில் அதைச் செய்தவர்களுக்கு நோய் எதிர்பாராத விதமாகத் திரும்பத் தொடங்கியதால் அந்த நாடு முறையை நிறுத்திவைத்தது. யார் சொன்னாலும் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு அவருக்கும் பொருந்தியது. அந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கனடாவில இருக்கிற மகன் ஒப்பரேஷனே தேவையில்லை எண்டு சொல்றான். உண்மையோ?

சிலருக்கு உண்மை. பிரேசிலின் சாவோ பாவுலோவில் அஞ்செலிட்டா ஹபர்-காமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கதிரும் மருந்தும் எடுத்த 265 பேரில் 71 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்துவிட்டது. அவர்களை வெட்டாமல் கவனித்து வந்தார். முதலில் பலர் ஏற்கவில்லை, இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் 2018இல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் நாலில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்ந்திருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்தால் அப்போது ஒப்பரேஷன் செய்யலாம். அதற்குச் சில மாதங்களுக்கு ஒரு தடவை கமராக் குழாயும் எம்.ஆர்.ஐயும் தவறாமல் பார்க்க வேண்டும். கிளினிக் திகதியைத் தவறவிடுகிற ஆளுக்கு இந்த வழி சரிவராது.

ஊசி மருந்தாலேயே நூறு வீதம் மறைந்தது என்ற செய்தியையும் அனுப்புவார்கள். 2022இல் நியூயோர்க்கில் டொஸ்டார்லிமாப் என்ற மருந்தால் 12 பேரில் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது உண்மை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள கட்டிகளுக்கு மட்டும். நேர்குடல் கட்டிகளில் அந்த வகை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பயோப்சியில் அதற்கான சோதனை செய்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

இதை இங்கை செய்யலாமோ, இல்லாட்டி இந்தியாவுக்குப் போகோணுமோ?

அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷன் இலவசம். யாழ் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உண்டு. தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து மக்கள் சேர்த்த காசில் கட்டிய கட்டடம் அது. ஆகவே முதலில் இங்கே காட்டுங்கள். காணியை ஈடு வைத்துவிட்டு விமானம் ஏறுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: கட்டி மலவாசலில் இருந்து எத்தனை சென்ரிமீற்றர்? எம்.ஆர்.ஐயில் சவ்வுக்கு எவ்வளவு கிட்ட? முதலில் கதிர் தேவையா? நேர்குடல் ஒப்பரேஷனை அடிக்கடி செய்கிறவர் யார்? பணிவாகக் கேட்டால் நல்ல வைத்தியர் யாரும் கோபிக்க மாட்டார்.

ஒப்பரேஷன் முடிஞ்சுது. பயோப்சி ரிப்போர்ட் கையில இருக்கு. இதில என்னத்தைப் பாக்கிறது?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பக்கவாட்டு விளிம்பு. லீட்ஸ் ஆய்வு நினைவிருக்கும். புற்றுக்கும் விளிம்புக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் என்றால் நல்லது. இரண்டாவது, மெசோரெக்டம் முழுமையாக வந்ததா, கிழிந்திருக்கிறதா என்ற குறிப்பு. நுங்குத் தோல் கதை இங்கேதான் எழுத்தில் வருகிறது. மூன்றாவது, எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது. குறைந்தது 12 கணுக்களாவது பார்ப்பது வழக்கம். ஆனால் முன்னமே கதிர் எடுத்தவருக்கு அதை விடக் குறைவாகக் கிடைக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

விளிம்பு ஒரு மில்லிமீற்றருக்குள் என்று இருந்தாலோ, கணுக்களில் நோய் என்று இருந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டி, மருந்து தொடங்க வேண்டுமா என்று கேளுங்கள். அசல் ரிப்போர்ட்டை வீட்டில் வையுங்கள், பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.